நண்டு பல்சார்: சந்திரா தரவை மடித்தால் துடிப்பே வரவில்லை, எங்கே பிழை?

நெடுவான் (கேள்வி)

வணக்கம். நண்டு நெபுலாவின் நடுவில் உள்ள பல்சாரின் (வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்) எக்ஸ் கதிர்த் துடிப்பைத் தரவிலிருந்து நேரடியாக எடுத்துப் பார்க்க முயல்கிறேன். இதுவரை செய்தது:

சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் காப்பகத்திலிருந்து 1999-இல் ஏசிஸ்-எஸ் கருவி எடுத்த நிகழ்வுக் கோப்பை (ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த நேரமும் இடமும் உள்ள பட்டியல், இரண்டாம் நிலை) இறக்கினேன். பல்சாரைச் சுற்றி 2 ஆர்க்செகண்ட் ஆரத்துக்கு ஒரு வட்டம் வெட்டினேன். பல்சார் பட்டியலில் சுழற்சிக் காலம் 33.392 மில்லி நொடி என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் 32 பெட்டிகளாக மடித்தேன், அதாவது எல்லாச் சுழற்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினேன். தட்டைக் கோடுதான் வந்தது. இருபுறமும் 0.01 மில்லி நொடி வரை தேடியும் மாற்றமில்லை.

திறன் நிறமாலை போட்டால் 0.3085 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கூரான உச்சங்கள் வருகின்றன. அது என்ன? இன்னொன்று, படத்தில் பல்சார் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சத்துக்குப் பதில் ஒரு குழி இருக்கிறது. இவ்வளவு பிரகாசமான பொருள் நடுவில் எப்படிக் காணாமல் போகும்?

அலைவெண்

மூன்று தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. முதலாவதைத் தீர்க்கவே முடியாது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கோப்பின் தலைப்பில் "டைம்டெல்" என்ற வரியைப் பாருங்கள். 3.24104 என்று இருக்கும். ஏசிஸ் ஒரு சிசிடி கேமரா. வழக்கமான முறையில் 3.2 நொடி வெளிச்சம் வாங்கி, 41 மில்லி நொடியில் அந்தச் சட்டத்தை நகர்த்திவிட்டு, அடுத்ததைத் தொடங்கும். ஒரு சட்டத்துக்குள் வந்த ஃபோட்டான்கள் அத்தனைக்கும் ஒரே நேர முத்திரைதான். அந்த 3.24 நொடிக்குள் நண்டு பல்சார் கிட்டத்தட்ட 97 முறை துடித்துவிடுகிறது. சராசரியில் துடிப்பின் வீச்சு முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நீங்கள் கண்ட 0.3085 ஹெர்ட்ஸ் உச்சம் 1/3.24104 தான், அதாவது கேமராவின் சொந்தத் தாளம். அதே போல 1000 நொடி, 707 நொடி பக்கம் உச்சம் வந்தாலும் நம்பாதீர்கள். தொலைநோக்கியை வேண்டுமென்றே மெல்ல ஆட்டும் அசைவின் காலங்கள் அவை.

குழிக்குக் காரணம் பைல்-அப். ஒரே சட்டத்தில் ஒரே பிக்சலருகே இரண்டு மூன்று ஃபோட்டான்கள் விழுந்தால் கருவி அவற்றை ஒரே பெரிய ஃபோட்டானாக எண்ணிக்கொள்ளும். ஆற்றல்கள் கூட்டப்படும், மின்னூட்டம் பரவிய வடிவமும் மாறிப்போகும். வடிவம் தப்பாக இருந்தால் காஸ்மிக் கதிர் என்று கருதி விண்கலத்திலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். மிகப் பிரகாசமான இடத்தில் எல்லாமே இப்படி நிராகரிக்கப்படுவதால் நடுவில் கருப்பு. அந்த வட்டத்துக்குள் உங்களிடம் மிஞ்சியதில் பெரும்பகுதி பல்சாரின் ஒளியே அல்ல.

மூன்றாவது சுழற்சிக் காலம். 33.392 என்பது 1991-ஆம் ஆண்டுக்கான மதிப்பு. பட்டியலில் அதே வரிசையில் "பெப்போக்" என்று ஒரு எண் இருக்கும், 48442.5; மதிப்பு எந்த நாளுக்கானது என்று சொல்லும் நாள் எண் அது. இந்தப் பல்சார் நாளொன்றுக்கு 36 நானோ நொடி வீதம் மந்தமாகிறது, ஆண்டுக்கு 13 மைக்ரோ நொடி. கேட்கச் சின்னதுதான், ஆனால் 1999 ஆகஸ்டில் காலம் 33.50 மில்லி நொடி ஆகிவிட்டது. நீங்கள் தேடிய அகலத்தைப் போல பத்து மடங்கு தள்ளி நிற்கிறது. சரியான கருவி கிடைத்திருந்தாலும் துடிப்பைத் தவறவிட்டிருப்பீர்கள்.

துடிப்புக்குத் தேவை நேரப் பிரிதிறன். சந்திராவின் பலம் அரை ஆர்க்செகண்ட் கூர்மையில் படம் எடுப்பது. நெபுலாவின் உள்வளையம், தாரை, முடிச்சுகள் நகர்வது இதையெல்லாம் அதில் பாருங்கள். துடிப்புக்கு நைசர் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் தரவுக்குப் போங்கள்.

ரோகிணி

அலைவெண் சொன்னதில் ஒரு சிறு திருத்தம். ஏசிஸை முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. "தொடர் கடத்தல்" முறையில் எடுத்த கோப்பாக இருந்தால் பிரிதிறன் 2.85 மில்லி நொடி. ஒரு சுழற்சிக்கு 11 அல்லது 12 புள்ளி கிடைக்கும், இரண்டு உச்சமும் தெரியும். விலை என்னவென்றால் படம் ஒரே கோடாகச் சுருங்கிவிடும், அந்தக் கோட்டில் நெபுலாவும் பல்சாரும் கலந்திருக்கும். சந்திராவின் இன்னொரு கருவியான எச்ஆர்சி-எஸ் 16 மைக்ரோ நொடி வரை போகும். ஆனால் அதில் ஒரு வயரிங் பிழை உண்டு. ஒவ்வொரு ஃபோட்டானின் நேரமும் அதற்கு அடுத்து வரும் ஃபோட்டானோடு ஒட்டிக்கொள்கிறது. எல்லா நிகழ்வும் பூமிக்கு வந்து சேர்ந்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். தொலையளவு வரம்போ நொடிக்கு 184 நிகழ்வு. நண்டு மாதிரிப் பொருளுக்கு அது உடனே நிரம்பிவிடும். எனவே நடுப் பகுதியை மட்டும் பயன்படுத்தும் "டைமிங்" முறையில் எடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்எம்எம்-நியூட்டனிலும் இதே கதைதான். ஈபிக்-பிஎன் முழுச் சட்டம் 73 மில்லி நொடி, அது உதவாது. சிறு சன்னல் 5.7 மில்லி நொடி. டைமிங் முறை 0.03 மில்லி நொடி. பர்ஸ்ட் முறை 7 மைக்ரோ நொடி. ஒரே விண்கலம், ஒரே கேமராதான், முறையைப் பொறுத்து பலன் தலைகீழாக மாறுகிறது. கோப்பை இறக்கும் முன் தலைப்பில் "டேட்டாமோட்" வரியைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

இனி நைசர் வழி. 2017 முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. படம் எடுக்காது, ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்தையும் 100 நானோ நொடிக்குள் சொல்லும். நண்டிலிருந்து நொடிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஃபோட்டான் வரும். 2023 மே மாதம் வெப்பத்திரையில் கிழிசல் விழுந்து பகல் பக்கத்தில் சூரிய ஒளி உள்ளே கசியத் தொடங்கியது. பழகும்வரை அதற்கு முந்தைய தரவையே எடுங்கள். மே முதல் ஜூலை வரை தேடாதீர்கள். ஜூன் நடுவில் சூரியன் நண்டுக்கு ஒன்றரை டிகிரிக்குள் வந்துவிடுகிறது, யாராலும் பார்க்க முடியாது. (பெயர்தான் நண்டு, இருப்பது ரிஷபத்தில். கடகத்தில் தேடி ஏமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

காப்பகத்தில் ஒரு நோக்கின் முழு அடைவையும் இறக்குங்கள், நிகழ்வுக் கோப்பு மட்டும் போதாது. "ஆக்சில்" அடைவில் உள்ள சுற்றுப்பாதைக் கோப்பு கட்டாயம் வேண்டும். ஹீசாஃப்ட் மென்பொருள் தொகுப்பின் "நைசர்-எல்2" நிரலை ஓட்டிச் சுத்தமான நிகழ்வுக் கோப்பை உருவாக்குங்கள். நைசரில் ஒரு சேனல் 10 எலக்ட்ரான் வோல்ட். சேனல் 100 முதல் 1000 வரை வைத்தால் 1 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும்.

அடுத்து "பேரிகார்" நிரல். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ஃபோட்டான் விண்கலத்தை அடைந்த நேரத்தை, அது சூரியக் குடும்ப நிறைமையத்தை அடைந்திருக்கும் நேரமாக மாற்ற வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் தாமதம் நண்டுக்கு ஏறத்தாழ ±499 நொடி. வேகத்தால் வரும் டாப்ளர் மாற்றம் மார்ச், செப்டம்பர் நடுவில் உச்சம், சுமார் 0.003 ஹெர்ட்ஸ். விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றுவதால் இன்னும் ±23 மில்லி நொடி வரை தாமதம், அதாவது ஒரு சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கு. சுற்றுப்பாதைக் கோப்பைக் கொடுக்காமல் விட்டால் ஒரே 90 நிமிடச் சுற்றுக்குள் துடிப்பு முழுக்கக் குழம்பிப்போகும்.

ஆயத்தொலைவைக் கையால் கொடுங்கள்: வல ஏற்றம் 83.63322, நடுவரை விலக்கம் 22.01446 டிகிரி. கொடுக்காமல் விட்டால் தலைப்பில் உள்ள குறிவைப்புத் திசையை நிரல் எடுத்துக்கொள்ளக்கூடும். அது பல்சாரின் சரியான இடம் அல்ல. 1 ஆர்க்செகண்ட் பிழைக்கு ஆண்டுக்குள் 2.4 மில்லி நொடி வரை நேரப் பிழை வரும், அதாவது சுழற்சியில் 7 விழுக்காடு. ஒரு நாள் தரவில் கண்ணுக்குத் தெரியாது. சில மாதத் தரவைச் சேர்க்கும்போது கழுத்தைப் பிடிக்கும்.

முடிந்ததும் புதிய கோப்பின் தலைப்பில் "டைம்சிஸ்" வரி "டிடிபி" என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறவில்லை என்றால் திருத்தம் ஏறவில்லை.

பிறகு மடித்தல். 2020 தொடக்கத்துத் தரவுக்கு 29.61 ஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். 1000 நொடித் தரவின் அலைவெண் பிரிதிறன் 0.001 ஹெர்ட்ஸ், ஆகவே படி 0.0002 போதும். முதலில் 100 நொடியை மட்டும் மடித்துப் பாருங்கள். பத்து லட்சம் ஃபோட்டான் இருக்கும். நெபுலாவின் ஒளியே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் என்றாலும், துடிப்பு பளிச்சென்று நிற்க இது தாராளம். 100 நொடியில் தெரியாத துடிப்பு 10,000 நொடியிலும் தெரியாது. இந்தப் பல்சாரைப் பொறுத்தவரை ஃபோட்டான் போதாமை ஒருபோதும் காரணம் அல்ல, நேரக் கணக்கில்தான் எங்கோ பிழை.

நெடுவான்

மிக்க நன்றி. நைசர் தரவில் முதல் 100 நொடியிலேயே இரண்டு உச்சம் வந்துவிட்டது, இடைவெளி கட்டத்தில் (ஒரு முழுச் சுழற்சியை 1 என்று கொண்டால்) 0.4. ஒரு சந்தேகம். அதே நாளில் காலை, மதியம், இரவு என்று மூன்று துண்டுத் தரவு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக மடித்தால் கூர்மையாக வருகிறது. மூன்றையும் சேர்த்து ஒரே அலைவெண்ணில் மடித்தால் உச்சங்கள் மூன்று மூன்றாகப் பிளந்துகொள்கின்றன. நிறைமையத் திருத்தம் மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் செய்தேன். இரண்டாவது: வானொலித் துடிப்பின் நேரத்தோடு ஒப்பிட்டால் என் முதன்மை உச்சம் எங்கோ சம்பந்தமில்லாத கட்டத்தில் நிற்கிறது.

அலைவெண்

முதலாவதுக்குக் காரணம் நீங்கள் மந்தமாகும் வீதத்தைச் சேர்க்காதது. கட்டம் = (அலைவெண் × நேரம்) + ½ × (அலைவெண் மாறும் வீதம்) × நேரம்². அந்த வீதம் நொடிக்கு −3.7×10⁻¹⁰ ஹெர்ட்ஸ். மூன்று மணி நேரத்துக்கு இரண்டாவது உறுப்பு 0.02 சுழற்சிதான், விட்டுவிடலாம். ஒரு முழு நாளுக்கு அது 1.4 சுழற்சி. நேரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் காலைத் துண்டும் இரவுத் துண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. மடிக்கும் நிரலில் வீதத்தைக் கொடுக்கும் இடம் இருக்கும். அதோடு அலைவெண்ணுக்கான குறிப்பு நேரத்தை உங்கள் தரவுக்கு நடுவில் வையுங்கள், தொடக்கத்தில் அல்ல. பிழை நான்கில் ஒன்றாகக் குறையும்.

அலைவெண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட பிரிட்டனின் ஜோட்ரல் பாங்க் வானொலி ஆய்வகம் மாதந்தோறும் வெளியிடும் நண்டு அட்டவணையை எடுத்துக்கொள்வது மேல். குறிப்பு நாள், அலைவெண், வீதம், துடிப்பு வந்தடையும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். அதே மாதத்து வரியை எடுங்கள். இந்தப் பல்சார் அவ்வப்போது திடீரென்று வேகம் எடுக்கும். 2017 நவம்பரில் வந்தது அதுவரை பதிவானதிலேயே பெரியது, அலைவெண் இருபது லட்சத்தில் ஒரு பங்கு எகிறியது. அதற்கு முந்தைய மாத வரியை வைத்துப் பிந்தைய தரவை மடித்தால் நாளொன்றுக்கு ஒரு சுழற்சிக்கு மேல் நழுவும்.

இரண்டாவது சிக்கலுக்கு மூன்று இடம் பார்க்க வேண்டும்.

நைசர் கோப்பின் நேரம் 2014 ஜனவரி 1 உலக நேரம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்படுகிறது. தலைப்பில் அது 56658 என்ற நாளும் 0.000777592 என்ற பின்னமுமாக இரண்டு வரியில் இருக்கும். அந்தப் பின்னம் 67.184 நொடி. முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னத்தை விட்டால் 67 நொடி தவறு. அதோடு "டைம்ஜீரோ" என்று ஒரு வரி, மதிப்பு −1. அதையும் கூட்ட வேண்டும். சொந்தமாக பைதானில் கோப்பைத் திறந்து படிப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது மிக வழக்கம். துடிப்பின் வடிவம் கெடாது என்பதால் பிழை ஒளிந்தே இருக்கும்.

அடுத்து கோள் அட்டவணை (நிறைமையத் திருத்தத்துக்குப் பூமியின் இடத்தைத் தரும் பட்டியல்). ஜோட்ரல் பாங்கின் நண்டு அட்டவணை நீண்ட காலமாக டிஇ-200 அடிப்படையில் கணித்தது. நீங்கள் டிஇ-430 வைத்துத் திருத்தியிருந்தால் இரண்டும் ஒட்டாது. அட்டவணை எதில் தயாரானதோ அதிலேயே உங்கள் திருத்தத்தையும் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியானபின் ஒரு சின்ன வித்தியாசம் மிஞ்சும், அதை அழிக்க முயலாதீர்கள். எக்ஸ் கதிரின் முதன்மை உச்சம் வானொலி உச்சத்தைவிட 0.3 மில்லி நொடி அளவுக்கு முந்தி வருகிறது, அதாவது கட்டத்தில் 0.01. அது கருவிப் பிழை அல்ல, பல்சாரின் இயல்பு. உங்கள் கணக்கு சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

மின்மினி_88

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலத் தரவிலும் இதைச் செய்யலாம் என்பதால் அதன் குணங்களையும் பதிந்துவைக்கிறேன். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. இஸ்ரோவின் தரவு மையத்தில் பதிவுசெய்துகொண்டு இறக்கலாம்.

அதில் உள்ள எஸ்எக்ஸ்டி தொலைநோக்கியைத் தொடாதீர்கள். சட்டம் 2.4 நொடி, வேகச் சன்னல் முறையிலும் 0.28 நொடி. கேள்வியில் உள்ள ஏசிஸ் சிக்கலேதான். துடிப்புக்கு அதிலேயே உள்ள லாக்ஸ்பிசி என்ற வாயு உணர்கருவி: 10 மைக்ரோ நொடி, 3 முதல் 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட். மூன்று அலகுகளில் எண் 20-ஐ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் 30-இல் வாயு கசிந்து 2018 மார்ச்சில் அணைத்துவிட்டார்கள். எண் 10-இன் பெருக்கமும் அதே மாதத்திலிருந்து சரியில்லை.

தரவு சுற்றுவாரியாகக் கோப்புகளாக வரும். அடுத்தடுத்த கோப்புகள் சில நிமிடம் ஒன்றன்மேல் ஒன்று படியும். அப்படியே ஒட்டினால் ஒரே ஃபோட்டான் இரண்டு முறை எண்ணப்படும். நேரத்தால் வரிசைப்படுத்தி, இரட்டையைக் கழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நிறைமையத் திருத்தத்துக்கு பேரிகார் அல்ல, ஆஸ்ட்ரோசாட்டுக்கென்றே உள்ள "ஏஎஸ்1பேரி". இங்கும் சுற்றுப்பாதைக் கோப்பு கட்டாயம். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் 42 மைக்ரோ நொடி அளவுக்குக் கருவி மயங்கிக் கிடக்கும். துடிப்பின் உச்சத்தில் அதிக ஃபோட்டான் வருவதால் அங்கேதான் இழப்பும் அதிகம், உச்சம் சற்று மழுங்கும். காலத்தைக் கண்டுபிடிக்க இது தடையில்லை. துடிப்பு விழுக்காட்டை அளப்பதாக இருந்தால் ஒவ்வொரு கட்டப் பெட்டிக்கும் தனித்தனியே திருத்துங்கள்.

சிஸெட்டிஐ கருவியில் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே பார்த்தால் இரண்டாவது உச்சம் வளர்ந்துகொண்டே போவதைக் காணலாம். அலைவெண் சொன்ன வானொலி ஒப்பீட்டைச் செய்யும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தக் கருவியின் கடிகாரத்தில் நிலையான தள்ளல் ஒன்று உண்டு. அதை அளந்ததே நண்டு பல்சாரை வைத்துத்தான், உதகை வானொலித் தொலைநோக்கியும் புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டியும் கூடவே பார்த்துக்கொண்டிருக்க. அந்தத் தள்ளலைக் கழிக்காமல் முந்துகிறது பிந்துகிறது என்று எதையும் எழுத வேண்டாம்.

தூண்டில்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே வழியில் காசியோப்பியா-ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தின் நடுப்புள்ளிக்குத் துடிப்பு தேடலாமா? அதுவும் நியூட்ரான் விண்மீன்தானே? நைசரில் போதுமான தரவு இருக்கும்போல.

ரோகிணி

நியூட்ரான் விண்மீன்தான். 1999 ஆகஸ்டில் சந்திரா வெளியிட்ட முதல் படத்திலேயே அந்தப் புள்ளி தெரிந்தது. ஆனால் நைசர் அதற்கு ஒத்துவராது. நைசரின் பார்வைப் புலம் 6 ஆர்க்மினிட், காசியோப்பியா-ஏ எச்சம் கிட்டத்தட்ட 5 ஆர்க்மினிட். எச்சம் முழுக்கப் புலத்துக்குள் விழுந்துவிடும், நடுப்புள்ளியின் ஒளி அதில் மூழ்கிப்போகும். நண்டிலும் நெபுலா கலக்கிறது, ஆனால் அங்கே பல்சார் ஒரு கணிசமான பங்கு. இங்கே அப்படி இல்லை. ஏசிஸ் முழுச் சட்டத்தில் தேடினால் 6.5 நொடிக்கு மேற்பட்ட காலங்களைத்தான் பார்க்க முடியும். எச்ஆர்சி-எஸ் டைமிங் முறையும் ஈபிக்-பிஎன் சிறு சன்னலும்தான் வழி. அவற்றில் தேடியும் இதுவரை உறுதியான துடிப்பு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த வகை "மைய அடர் பொருள்"களில் துடிப்பு தெரிந்தவை மூன்றே: கெஸ்-79 எச்சத்தில் 105 மில்லி நொடி, பப்பிஸ்-ஏயில் 112, பிகேஎஸ் 1209-51/52 எச்சத்தில் 424. பழக வேண்டுமானால் கெஸ்-79 எடுங்கள், துடிப்பு ஆழமானது, ஈபிக்-பிஎன் சிறு சன்னல் தரவு காப்பகத்தில் இருக்கிறது. இவற்றின் காந்தப்புலம் பலவீனமானதால் சுழற்சி மந்தமாவதே அரிது, மந்தமாகும் வீதத்தை மறந்தே தேடலாம்.

பப்பிஸ்-ஏ ஒரு நல்ல பாடம். அதில் எதிரெதிரே இரண்டு சூடான பகுதிகள், இரண்டுக்கும் வெவ்வேறு வெப்பநிலை. 1.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே ஒன்றும் மேலே மற்றொன்றும் ஓங்கி நிற்கின்றன, துடிப்பு தலைகீழாகிறது. எல்லா ஆற்றலையும் சேர்த்து மடித்தால் ஒன்றையொன்று அழித்துத் தட்டைக் கோடு வரும். அதனால்தான் நெடுநாள் அகப்படாமல் இருந்தது. 1.2-இல் வெட்டி இரு பாதியையும் தனித்தனியே மடியுங்கள்.

பின்னணி எடுக்கும் இடத்திலும் கவனம். எச்சத்துக்கு வெளியே இருக்கும் வெற்று வானத்திலிருந்து எடுத்தால் சிலிக்கானின் 1.86, கந்தகத்தின் 2.45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுகள் நடுப்புள்ளியின் நிறமாலையில் பொய்யாக முளைக்கும். புள்ளியை ஒட்டிய சிறு வளையத்திலிருந்து எடுங்கள், அந்த வளையத்தில் பிரகாசமான இழை ஏதும் குறுக்கே போகிறதா என்று முதலில் படத்தில் பாருங்கள். போனால் எதிர்மறைக் கோடு வரும், அதை உட்கவர் கோடு என்று வாசித்துவிட வாய்ப்பு அதிகம்.

நெடுவான்

டைம்ஜீரோவைத்தான் விட்டிருந்தேன். −1 கூட்டி, டிஇ-200 வைத்து மறுபடி திருத்தியதும் உச்சம் கட்டம் 0.99-இல் உட்கார்ந்துவிட்டது. வீதத்தைச் சேர்த்ததில் மூன்று துண்டும் ஒன்றாகிவிட்டன. அடுத்து லாக்ஸ்பிசி 20-இன் தரவை இறக்குகிறேன். படியும் கோப்புகளைக் கழிக்க நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதுமா, சேனல் எண்ணையும் ஒப்பிட வேண்டுமா?

மின்மினி_88

இரண்டையும் ஒப்பிடுங்கள், கூடவே எந்த அடுக்கில் விழுந்தது என்பதையும். நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும்போது 10 மைக்ரோ நொடிக்குள் இரண்டு உண்மையான ஃபோட்டான் ஒரே முத்திரையோடு வருவது நடக்கும். நேரத்தை மட்டும் பார்த்தால் அவற்றில் ஒன்றைத் தூக்கிவிடுவீர்கள்.